மழலையர் வகுப்புக்கான ‘ஆறு கள’த் தொகுப்பு: ஒரு செட்டிநாட்டு வளவில் ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கானாடுகாத்தானுக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில், உரிமையாளர்கள் வெளியூரில் வசிக்கும் ஒரு பழைய நகரத்தார் வீட்டின் முன்பகுதியையும், நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் கொண்ட வளவையும் வாடகைக்கு எடுத்து, மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 24 குழந்தைகளுக்கு மழலையர் வகுப்பு நடத்தி வருகிறேன். கடந்த கல்வியாண்டு தொடங்குவதற்கு முன், மே மாதத்தில், பெருநகரத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனத்திடம் ‘ஆறு கற்றல் களங்கள்’ (களம் என்பது வகுப்பறையில் ஒரு வகைச் செயலுக்கென ஒதுக்கிய மூலை) என்ற தொகுப்பை 1,12,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஆறு அலமாரிகள், நான்கு தாழ்வான மேசைகள், ஒரு பெட்டி மரக்கட்டைகள், விளையாட்டுச் சமையலறை, தமிழ் எழுத்துப் பலகைகள், களங்களின் பெயர்ப்பலகைகள் ஆகியவற்றோடு, பொருத்திக் கொடுக்கும் கூலியும் அரைநாள் பயிற்சியும் அந்த விலையில் அடங்கும். இதே வகைத் தொகுப்பைப் பல நிறுவனங்கள் சிற்சில மாற்றங்களோடு விற்பதால், நிறுவனத்தின் பெயரைக் காட்டிலும் பொருளின் தரம்தான் வாங்குவோருக்குப் பயன்படும் என்று கருதி, பெயரை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலமாரிகளும் மரக்கட்டைகளும் கொடுத்த பணத்துக்கு முழுவதும் உரியவை. சமையல் களத்தையும் எழுத்துப் பலகைகளையும் நான் வாங்கியிருக்கவே தேவையில்லை. களங்களை எங்கெங்கே அமைப்பது என்று அவர்கள் கொடுத்த வரைபடம் எங்கள் கட்டடத்துக்குப் பொருந்தவில்லை. அதைத் திருத்தி அமைக்க எனக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின.

களம் என்ற சொல் தமிழகத்து ஆசிரியர்களுக்குப் புதிதன்று. 2022-இல் அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியபோது, கதைக்களம், பாடல் களம், படைப்புக்களம் என்று வகுப்பறை மூலைகளுக்குப் பெயர் சூட்டப்பட்டது. அதற்கு முன்பே, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதற்கும் சென்ற செயல்வழிக் கற்றல், குழந்தைகளைத் தரையில் சிறு குழுக்களாக அமர்த்தி, அட்டைகளைத் தாமே எடுத்துப் பயிலும்படி செய்தது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1907-இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்திருக்கிறார். இவை ஒன்றுக்கொன்று மாறுபட்ட முறைகள்தாம். ஆனாலும் குழந்தை தன் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் பொருளைத் தானே தேர்ந்தெடுத்து, வேலை முடிந்ததும் அதே இடத்தில் திருப்பி வைக்க வேண்டும் என்பதே இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். ஒரு தொகுப்பை மதிப்பிடும்போது நான் பார்ப்பதும் இதைத்தான்.

அந்த அளவுகோலால் பார்த்தால் அலமாரிகள் சிறப்பானவை. ரப்பர் மரத்தால் செய்யப்பட்டு, இரண்டரை அடி உயரத்தில், இரண்டு தட்டுகளோடு முன்புறம் முழுவதும் திறந்திருக்கின்றன. மூன்று வயதுக் குழந்தை நின்றபடியே மேல்தட்டில் இருப்பதைப் பார்க்கவும் எடுக்கவும் முடிகிறது. வகுப்பின் எந்த மூலையில் நின்றாலும் அலமாரிகளுக்கு மேலாக எல்லாக் குழந்தைகளும் என் கண்ணுக்குத் தெரிகிறார்கள். விளிம்புகளை நன்றாக உருட்டியிருக்கிறார்கள். ஓராண்டு முழுவதும் ஈரத்துணியால் துடைத்தும் பாலிஷ் உரியவில்லை. ஒரே ஓர் அலமாரியின் பின்பலகை மட்டும் மழைக்காலத்தில் ஊறிப் பிதுங்கியது. அது மரமன்று, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை. படம் எடுத்து அனுப்பினேன், மூன்று வாரத்தில் மாற்றிக் கொடுத்தார்கள்.

பொருத்த வந்த இருவரும் பொறுமையும் பணிவும் உள்ளவர்கள். ஆனால், அலமாரி குழந்தையின் மேல் சாய்ந்துவிடாமல் இருக்க அதன் முதுகைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும் என்று துளையிடும் கருவியை எடுத்தார்கள். நான் தடுத்துவிட்டேன். செட்டிநாட்டு வீடுகளின் சுவர், சுண்ணாம்பை முட்டை வெள்ளைக்கருவோடு குழைத்துப் பூசி, கண்ணாடிபோல் மினுங்கும்வரை தேய்த்து எடுத்தது. அதில் ஒரு துளை போட்டால் சுற்றிலும் பூச்சு உதிரும். அதைப் பழையபடி பூசித் தரும் கொத்தனார்கள் இப்போது மிகச் சிலரே. உரிமையாளரும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்ற ஒரு நிபந்தனையோடுதான் வீட்டைக் கொடுத்திருக்கிறார். நிறுவனத்திடம் இதற்கு மாற்று வழி எதுவும் இல்லை. இறுதியில் எங்கள் ஊர் ஆசாரி, இரண்டிரண்டு அலமாரிகளை முதுகோடு முதுகு சேர்த்து, நான்கு மூலைகளிலும் நீளமான மரையாணியால் பிணைத்துத் தந்தார். அடிப்பகுதி இரு மடங்கு அகலமாகிவிட்டதால் ஒரு குழந்தை பிடித்துத் தொங்கினாலும் அது அசைவதில்லை. இரண்டு பக்கமும் இரண்டு களங்களுக்கு எல்லையாகவும் பயன்படுகிறது. பழைய வீடுகளில் வகுப்பு நடத்தும் எவருக்கும் இந்த ஏற்பாட்டைப் பரிந்துரைக்கிறேன்.

இனி இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் காலம் மிகுதியாகச் செலவானது இதில்தான். நிறுவனம் கொடுத்த வரைபடம் நான்கு சுவர்களுள்ள சதுரமான அறைக்கு வரையப்பட்டது: ஒவ்வொரு மூலைக்கும் ஒரு களம், நடுவில் இரண்டு. எங்கள் வகுப்போ நடுவே வானம் பார்த்த முற்றமும், அதைச் சுற்றித் தூண்கள் நிற்கும் தாழ்வாரமும் கொண்ட வளவு. வரைபடத்தைப் பின்பற்றியதால் படிக்கும் களம் கிழக்குத் தாழ்வாரத்தில் அமைந்தது. பிற்பகல் ஆனதும் முற்றத்தின் வழியே விழும் வெயில் நேராகப் புத்தகங்களின் மேல் படிந்தது, குழந்தைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு தாமாகவே நிழலுக்கு நகர்ந்தார்கள். வண்ணம் தீட்டும் களம் உள்ளே இருந்தது, தண்ணீர் வெளியே இருந்தது. பிள்ளைகள் நீலக் கைகளோடு முழு வளவையும் கடந்து வந்தார்கள். மரக்கட்டைக் களம் கதவுக்கு நேரே இருந்ததால், கழிப்பறைக்குச் செல்லும் ஒவ்வொரு குழந்தையும் யாரோ ஒருவரின் கோபுரத்தைத் தட்டிவிட்டே சென்றது. முதல் மாதத்தில் நான் கேட்ட அழுகையில் பெரும்பகுதி இந்தக் கோபுரங்களால் வந்ததுதான்.

இப்போது வண்ணக் களம் முற்றத்தின் ஓரத்தில், மழைநீர் வடியும் கல்வாய்க்கு அருகில் இருக்கிறது. சிந்தினால் ஒரு செம்புத் தண்ணீரில் கழுவிவிடலாம். புத்தகங்கள் பட்டாசாலை என்னும் கூடத்துக்குள் சென்றுவிட்டன. மரக்கட்டைகள் யாரும் கடந்து செல்லாத மேற்கு மூலையில் இருக்கின்றன. இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட இடம் ஒரு களம் என்று வைத்துக்கொண்ட பிறகு, எல்லைக் கோடு எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. ‘நான் இந்தத் தூணுக்குள்ள இருக்கேன் டீச்சர்’ என்று குழந்தைகளே சொல்கிறார்கள். முற்றத்துக்கு இறங்கும் இடத்தில் அரையடிப் பள்ளம் இருப்பதால், அந்த விளிம்பில் மட்டும் தாழ்வான மூங்கில் தட்டி ஒன்றை நிறுத்தியிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் அடிக்கும் நாள்களில் வண்ணக் களத்தை மூடிவிடுவோம்.

எண்ணிக்கையிலும் ஒரு பிழை இருந்தது. ஆறு களங்கள், களத்துக்கு நான்கு இடங்கள், ஆக 24 இடங்கள், 24 குழந்தைகள் என்று கணக்குச் சரியாக இருப்பதாகத் தாளில் தோன்றியது. நடைமுறையில், ஒரு குழந்தை ஒரு களத்தை விட்டு வேறொன்றுக்குச் செல்ல விரும்பினால், அங்கே காலியிடமே இல்லை. இன்னொரு குழந்தை எழும்வரை அது நடுவில் நின்றுகொண்டிருந்தது. குழந்தைகளின் எண்ணிக்கையைப் போல் ஒன்றரை மடங்கு இடம் வேண்டும் என்பது மழலையர் வகுப்பில் நெடுநாள் பழகியவர்கள் சொல்லும் கணக்கு. இப்போது மரக்கட்டைக் களத்திலும் சமையல் களத்திலும் ஆறாறு இடங்கள், மணல் தொட்டி என்று புதிதாக ஒரு களம், அதைத் தவிரத் தனியே அமர விரும்பும் குழந்தைக்கு ஒற்றைப் பாய்கள் என்று 35 இடங்கள் வரை வந்துவிட்டன. ஒவ்வொரு களத்தின் பலகையிலும் இடத்துக்கு ஒரு கொக்கி மாட்டி, குழந்தையின் படம் ஒட்டிய அட்டையை அதில் தொங்கவிடச் செய்தோம். கொக்கி காலியாக இல்லையென்றால் அங்கே இடமில்லை. இந்த ஏற்பாடு வந்த பிறகு, உதவியாளரும் நானும் சண்டையை விலக்கும் வேலையிலிருந்து பெரும்பாலும் விடுபட்டோம். (எங்கள் பகுதியில் ஆயா என்பது பாட்டியைக் குறிக்கும் சொல் என்பதால், உதவியாளரைக் குழந்தைகள் அக்கா என்றே அழைக்கிறார்கள்.)

மரக்கட்டைகளுக்கு வருகிறேன். இத்தொகுப்பில் என் மனத்துக்கு மிகவும் உவந்த பொருள் இதுதான். நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்க ஆசிரியை கரோலின் பிராட் வடிவமைத்த அளவு முறையிலேயே இவை செய்யப்பட்டுள்ளன: அடிப்படைக் கட்டை ஐந்தரை அங்குல நீளம், அதில் பாதி அகலம், அகலத்தில் பாதி கனம். அரைக்கட்டை இரண்டு சேர்ந்தால் ஒரு கட்டை, இரண்டு கட்டைகள் சேர்ந்தால் ஓர் இரட்டைக் கட்டை. எண்ணும் பின்னமும் பெயர் சொல்லாமலேயே குழந்தையின் கைக்குள் வந்துவிடுகின்றன. ஒரு நாள் நான்கரை வயதுச் சிறுவன் ஒருவன் பாலம் கட்டிக்கொண்டிருந்தான். நீளமான கட்டை தீர்ந்துவிட்டது. சற்று நேரம் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தவன், இரண்டு சிறிய கட்டைகளை எடுத்து, பாலத்தில் கிடந்த நீளக் கட்டையின் மேல் வைத்து, இரு முனைகளையும் விரலால் தடவிப் பார்த்தான். ஓரம் சரியாக ஒன்றியிருந்தது. பிறகுதான் அவற்றைப் பாலத்துக்குக் கொண்டு சென்றான். நடுவே தாங்க ஒரு தூண் வேண்டும் என்று கண்டுபிடித்ததற்கு இன்னும் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும் நான் வாய் திறக்கவில்லை.

அந்த ஓரம் ஒன்றுவதற்குத்தான் விலை கொடுக்கிறோம் என்பதைப் பின்னால்தான் முழுமையாக உணர்ந்தேன். கட்டைகள் போதாமல், உள்ளூரில் வேப்ப மரத்தில் இன்னும் 60 கட்டைகள் செய்யக் கொடுத்தேன். முதல் தவணையில் வந்தவை ஒன்றுக்கொன்று இரண்டு மில்லிமீட்டர் வரை வேறுபட்டன. பார்வைக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஏழாவது அடுக்கிலேயே கோபுரம் சாய்ந்தது. குழந்தைகள் இரண்டே நாளில் அவற்றைத் தனியே ஒதுக்கிவிட்டார்கள். அளவுச் சட்டம் ஒன்றை வைத்து அறுத்த இரண்டாம் தவணை நன்றாக வந்தது. உள்ளூரில் செய்விப்பவர்கள், கொடுக்கும்போதே அளவுச் சட்டத்தோடு அறுக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எங்கள் தரை ஆத்தங்குடி ஓடு. கண்ணாடியின் மேல் வார்த்து எடுப்பதால் அதற்கு இயல்பிலேயே வழவழப்பு உண்டு. அதன் மேல் கட்டை விழும் ஓசை வளவு முழுவதும் எதிரொலிக்கும். ஜமுக்காளம் விரித்தால் ஓசை அடங்குகிறது, ஆனால் சுருக்கம் விழுந்து கோபுரம் நிற்பதில்லை. ஜமுக்காளத்துக்கு அடியில் மெல்லிய ரப்பர் விரிப்பைப் போட்டு, விளிம்புகளை இழுத்து அலமாரிக்கு அடியில் செருகிய பிறகே இரண்டு குறையும் தீர்ந்தன.

சமையல் களத்தில் வந்தவை நெகிழியால் ஆன அடுப்பு, பேக்கரி அடுப்பு, முள்கரண்டி, பர்கர், பீட்சாத் துண்டுகள். நிறம் அழகு, தரமும் குறையில்லை. ஆனால் குழந்தைகள் முதல் வாரத்துக்குப் பின் அவற்றைச் சமையலுக்குப் பயன்படுத்தவே இல்லை. வீட்டில் அப்பத்தா என்ன செய்கிறாரோ அதைத்தான் குழந்தை விளையாட்டில் திரும்பச் செய்து பார்க்கிறது. செய்து பார்ப்பதற்கான பாத்திரம் கையில் இல்லையென்றால் விளையாட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றி, மரத்தாலான செப்புச் சாமான்களையும் (குழந்தைகளின் விளையாட்டுப் பாத்திரங்கள்), சிறிய முறம் ஒன்றையும், பழைய பித்தளைப் படி ஒன்றையும் வாங்கினேன். ஒரு குழந்தையின் தாயார் கைப்பிடி உடைந்த பணியாரச் சட்டியைத் தேய்த்துக் கொடுத்தனுப்பினார். ஏழு குழிகள் உள்ள சட்டி. மறுநாள் காலையில் ஒரு சிறுமி அதன் முன் அமர்ந்து, குழிக்கு ஒரு சோழியாக இட்டுக்கொண்டே வந்தாள். ஏழு குழியும் நிறைந்த பின் கையில் இரண்டு சோழிகள் எஞ்சின. அவற்றைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ‘ரெண்டு மாவு மிச்சம், அடுத்த ஈடு ஊத்தணும்’ என்றாள். ஒன்றுக்கு ஒன்று பொருத்தி எண்ணுவதைக் கற்பிக்க நிறுவனம் தனியாக விற்கும் பலகையின் விலை 1,400 ரூபாய்.

பொருள்களை வைக்கும் நெகிழிக் கூடைகளுக்குப் பதிலாகப் பனையோலைக் கொட்டான்களை வைத்திருக்கிறேன். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டுக் கொட்டான் வீட்டு விசேஷங்களுக்கு மட்டும் எடுக்கப்படும் பொருளாகக் குறுகிவிட்டதை நினைத்து வருந்தியிருக்கிறேன். இங்கே நாள்தோறும் 24 குழந்தைகளின் கை அதில் படுகிறது. ஓராண்டில் மூன்று கொட்டான்கள் மட்டும் விளிம்பு பிரிந்தன. ஒரு களத்துக்கு ஒரு நிறம் என்று விளிம்பு பின்னிய கொட்டான்களை வாங்கியதால், எந்தப் பொருள் எந்தக் களத்துக்கு உரியது என்பது எழுதப்படிக்கத் தெரியாத குழந்தைக்கும் தெளிவாகிறது.

எழுத்துப் பலகைகளைப் பற்றி எழுதும்போது எனக்கு வருத்தம் மேலிடுகிறது. 12 உயிர், 18 மெய் என்று 30 பலகைகள்; ஒவ்வொன்றிலும் எழுத்தின் வடிவில் பள்ளம் செதுக்கி, விரல் போகும் திசைக்கு அம்புக்குறி இட்டிருக்கிறார்கள். ‘அ’ என்ற எழுத்துக்கு வலப்புற நேர்கோட்டிலிருந்து தொடங்கும்படி அம்புக்குறி இருக்கிறது. தமிழ் எழுதும் எவரும் இடப்புறச் சுழியில் தொடங்கி, அந்த நேர்கோட்டை இறுதியில்தான் இழுப்பார்கள். ‘ப்’ பலகையில், புள்ளிக்குக் கீழுள்ள வடிவத்தை மூன்று தனிக் கோடுகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதைக் கையெடுக்காமல் ஒரே இழுப்பில் எழுத வேண்டும். விரல் ஒருமுறை பழகிய பாதையை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பது முதல் வகுப்பு ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தெரியும். இதைவிடப் பெரிய குறை, உயிர்மெய் இல்லாமை. ‘ப்’ இருக்கிறது, ‘ப’ இல்லை. ‘ட்’ இருக்கிறது, ‘ட’ இல்லை. ஆகவே முப்பது பலகைகளையும் பரப்பி வைத்தாலும் ‘படம்’ என்ற எளிய சொல்லைக்கூட ஒரு குழந்தையால் அமைக்க முடியாது. தமிழ் தெரிந்த ஓர் ஆசிரியரிடம் ஒருமுறை காட்டியிருந்தால் இது நேர்ந்திருக்காது. இரண்டு முறை எழுதிக் கேட்டேன். அச்சு அப்படித்தான் வருகிறது என்ற பதில் மட்டும் கிடைத்தது.

பலகைகளைக் கட்டி மேலே வைத்துவிட்டு, அலமாரிகளைப் பிணைத்துக் கொடுத்த அதே ஆசாரியிடம் 18 அகர வரிசை எழுத்துகளைப் பலகையில் வரைந்து, உப்புத்தாளை வெட்டி ஒட்டித் தரச் சொன்னேன். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு ஆகியவற்றைத் தனித்தனிப் பலகைகளாகவும், புள்ளியை உள்ளங்கை அகலமுள்ள வட்டமாகவும் செய்தோம். ‘ம’ பலகையின் தலைக்கு மேல் வட்டத்தை வைத்தால் ‘ம்’ ஆகிறது. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் எழுத்தோடு ஒட்டி வடிவம் மாறுவதால் இம்முறைக்கு அடங்குவதில்லை. அவற்றை மழலையர் வகுப்பில் தொடுவதும் இல்லை. ட, ப, ம என்று எளிய வடிவ எழுத்துகளில் தொடங்கும் பழைய வழக்கப்படியே அலமாரியில் அடுக்கியிருக்கிறோம். மொத்தச் செலவு 6,500 ரூபாய்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு செய்தி. 2021 சனவரி முதல் நாளிலிருந்து இந்தியாவில் விற்கும் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. தொகுப்பில் வந்த நெகிழிப் பொருள்களில் முத்திரை இருந்தது. எழுத்துப் பலகைகளின் பெட்டியில் அதைக் காணவில்லை. பெட்டியைத் திறக்கும் முன்பே இதைப் பாருங்கள். சோழி, புளியங்கொட்டை போன்றவற்றை நான்கு வயது நிறைந்த குழந்தைகளுக்கு மட்டும், பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்திருக்கும்போதே கொடுக்கிறோம். அவை மூடியுள்ள டப்பாவில் என் மேசையில் இருக்கும், களத்தில் இருப்பதில்லை. சிறியவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையும் பெரிய நூற்கண்டு உருளைகளும் இருக்கின்றன.

அரைநாள் பயிற்சி எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. ஆறு களங்களையும் முதல் நாளே திறக்காதீர்கள், வாரத்துக்கு ஒன்றாகத் திறந்து, பொருளை எடுப்பதையும் வைப்பதையும் செய்துகாட்டுங்கள் என்று பயிற்சியாளர் அழுத்திச் சொன்னார். ஒவ்வொரு பொருளின் வெளிக்கோட்டையும் தாளில் வரைந்து தட்டில் ஒட்டும் வழக்கத்தையும் அவரிடமே கற்றேன். அதனால் எங்கள் அலமாரிகளைக் குழந்தைகளே ஐந்து நிமிடத்தில் அடுக்கிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட பெயர்ப்பலகைகளை மட்டும் திருப்பிப் போட்டு, பின்புறத்தில் தமிழில் எழுதி மாட்டினோம்.

இந்நிறுவனம் அலமாரிகளையும் கட்டைகளையும் தனியாகவும் விற்கிறது. தொகுப்பாக வாங்கினால்தான் தள்ளுபடி என்று விற்பனையாளர் சொல்வார். நான் கணக்கிட்ட அளவில், ஆறு அலமாரியும் கட்டைப்பெட்டியும் தனியே 71,000 ரூபாய்க்கு முடிந்திருக்கும்; உள்ளூரில் செய்த செப்பு, கொட்டான், எழுத்துப் பலகை எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் ஆகியிருக்கிறது. தாழ்வான மேசைகளை ஊர் ஆசாரியே செய்துவிடுவார். வரும் சூனில் இரண்டு அலமாரிகள் மட்டும் கூடுதலாக வாங்க இருக்கிறேன், பின்பலகையையும் மரத்தாலேயே தரும்படி கேட்டிருக்கிறேன். விலை 900 ரூபாய் கூடும் என்று பதில் வந்திருக்கிறது, ஒப்புக்கொண்டுவிட்டேன்.